மச்சினன் முந்திக்கொண்ட கடல்

1

முன்பெல்லாம் ஊரிலிருந்து யாராவது என்னைத் தொலைபேசியில் அழைத்தால், பையனுக்கு அங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. போன வாரம் பழைய பள்ளித் தோழர் ஒருவர் அழைத்தார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்.

"ஏனப்பா, வர்ற மே மாசம் ஊட்டோட ஐரோப்பா போலாம்னு இருக்கறோம். சுவிட்சர்லாந்துக்கு எங்க தெருவே போயிட்டு வந்திருச்சு. நீ அங்கயே குடியிருக்கறவன், வேற நல்ல நாடாச் சொல்லு" என்றார்.

மத்தியதரைக் கடல் ஓரத்தில் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போ என்றேன். ஏன் என்று கேட்டார். நம் வெயில் இருக்கும், நம் பாறை இருக்கும், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள், தயிர் கிடைக்கும், சத்தமாகப் பேசலாம் என்று வரிசையாகச் சொன்னேன்.

"எத்தன தடவ போயிருக்கற?"

"ஒரு தடவை."

"இத்தன வருசமா அங்க இருந்துக்கிட்டு ஒரே தடவையா? நாங்கெல்லாம் வருசா வருசம் கொடைக்கானலே போறமப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. நான் அவருக்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட அந்த நாடுகளைப் புகழ்வதற்காக என் வாயில் பிறந்ததல்ல. என் மச்சினன் அங்கே போய்விடக் கூடாது, அதிலும் என் மகளோடு போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னவை. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குக் காரணங்களும் பயன்படட்டும், அவை பிறந்த கதையும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

2

இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு ஊரில் இருக்கிறேன். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். காலையில் கஞ்சி, பத்து மணிக்கு நூலகம், பேருந்தில் திரும்பும்போது ஒரு பாக்கெட் பால். மகள் கவிதா அடுத்த ஊரில் இருக்கிறாள். மருமகன் ஆங்கிலேயர், மருத்துவமனையில் வேலை, விடுப்பு கிடைப்பது அரிது. பேத்தி மீராவுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு.

என் மனைவி வசந்தா, கவிதா, மீரா எல்லோரும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் மட்டும் இந்தியக் கடவுச்சீட்டை விடவில்லை. இதை ஒரு விரதம் மாதிரி வைத்திருந்தேன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யாராவது கேட்டால் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி, "நான் இன்னும் அந்த ஊர்க்காரன்தான்" என்பேன். கைதட்டுவார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு என் வீட்டில் இருந்தவர்கள்தான் விலை கொடுத்தார்கள். அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ சனிக்கிழமை கிளம்பலாம். எனக்கு விசா வேண்டும். வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, அங்கே தங்கும் இடத்தின் ரசீது, புகைப்படத்தில் காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. இத்தனையும் எடுத்துக்கொண்டு ரயிலேறி வேறு நகரத்துக்குப் போய் விரல் ரேகை வைக்க வேண்டும்.

கவிதா பள்ளியில் படித்தபோது கோடை முடிந்து அவள் தோழிகள் தோல் கறுத்து, மூக்கு உரிந்து வகுப்புக்கு வருவார்கள். நாமும் போகலாமா அப்பா என்று கேட்பாள். விசா வரட்டும் என்பேன். விசா வராது, விண்ணப்பித்தால்தானே வரும். காத்திருந்துவிட்டு இரண்டு வருடத்துக்கொரு முறை திருச்செங்கோட்டுக்குப் போவோம். அங்கே அவள் என் பக்கத்தில் இருக்க மாட்டாள். தாய்மாமனின் ரிக் வண்டி நிற்கும் பட்டறையில் கிரீஸும் மண்ணுமாக நாளெல்லாம் கிடப்பாள்.

3

அந்தத் தாய்மாமன் நல்லசிவம், வசந்தாவின் தம்பி. போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். என்னைவிட மிகவும் இளையவர்தான், ஆனால் எங்கள் பக்கம் மச்சினனுக்கும் வாங்க போங்கதான்.

போன வருடம் தை மாதம் நாங்கள் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கடையில் மளிகை வாங்கிக்கொண்டு அவருடைய காரில் திருச்செங்கோட்டுக்குத் திரும்பினோம். அவர் ஓட்டினார். முன் இருக்கையில் கவிதா. பின்னால் தூங்கும் மீராவை மடியில் போட்டுக்கொண்டு வசந்தா. அவள் பக்கத்தில் நான், என் மடியில் புளி மூட்டை.

கவிதா என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நல்லசிவத்தோடு தமிழ். அதிலும் எங்கள் பக்கத்துத் தமிழ், தப்பும் தவறுமாக, தடையில்லாமல். ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் தமிழில் பேச ஆரம்பித்தால் நான் திருத்துவேன். அவர் திருத்த மாட்டார்.

"மாமா, மே மாசம் எனக்கு ஒரு வாரம் லீவு வருதுங்க. நீங்களும் வாங்க. எங்காச்சும் போலாம்" என்றாள்.

"உங்கூருக்குங்களா அம்முணி? ஒருக்கா வந்தனே. மழைக்கு உள்ளயே உக்கார வெச்சு உங்கப்பா எனக்குச் சீட்டாடச் சொல்லிக் குடுத்தாரு. அதுலயும் அவரே ஜெயிச்சாரு."

"இங்கிலாந்து வேண்டாங்க. கிரீஸ் போலாம். அங்க கிரீட்னு ஒரு தீவு. கடல் இருக்குது."

என்னை யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து நானே ஆரம்பித்தேன். "அங்க போயி என்னத்தப் பார்க்கப் போறீங்க மாப்பிள்ளை? காஞ்ச மலை, மொட்டைப் பாறை, அதுல ஆடு மேயும். சங்ககிரி தாண்டி இப்பப் பார்த்துட்டு வாரமே, அச்சு அசலா இதேதான். இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?"

நல்லசிவம் சன்னல் வழியாகச் சங்ககிரி மலையைத் திரும்பிப் பார்த்தார். "இப்படியே இருக்குமுங்களா மாமா?"

"இப்படியேதான். வெயில் வேற கொளுத்தும். முப்பத்தஞ்சு டிகிரி."

"அது நமக்கு ஏசிங்களே."

"மத்தியானம் கடையெல்லாம் சாத்திட்டு ஊரே தூங்கும். ஒரு சாமான் வாங்க முடியாது."

"வெவரமான சனம்."

"தயிர் கல்லாட்டம் இருக்கும். கரண்டியில வெட்டித்தான் எடுக்கோணும்."

"எருமத் தயிருங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்.

எனக்குச் சூடேறிவிட்டது. "சத்தமாப் பேசுவாங்க, வரிசையில நிக்க மாட்டாங்க, ரோட்டுல போனா ஹாரன் அடிச்சுட்டே இருப்பாங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து அவர் முன்னால் போன லாரிக்கு ஒரு நீள ஹாரன் அடித்தார். வசந்தா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க அங்க போயிருக்கறீங்களா மாமா?" என்று கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கவிதா திரும்பாமலே சொன்னாள். "அப்பா போனதில்லீங்க."

கார் அந்த லாரியை முந்தியது. பிறகு நல்லசிவம், "அக்கா, நான் முடிவு பண்ணீட்டேன். அங்கயே போலாம். மாமா சொல்றதப் பார்த்தா அது பாஷை தெரியாத நம்மூருதான். எனக்கு நம்மூரு புடிக்கும்" என்றார்.

படித்தவன் என்ற மதிப்பில் என் வார்த்தையை எல்லோரும் கேட்பார்கள். அன்றைக்கும் கேட்டார்கள். நான் விரட்டுவதற்காகச் சொன்னதெல்லாம் அவருக்கு வா வா என்று கூப்பிட்டதாகக் கேட்டது.

4

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் கவிதா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். கடலோரம் ஒரு வீடு, எல்லோருக்கும் விமானச் சீட்டு, எனக்கு விசா அலுவலகத்தில் நாள், நேரம். நல்லசிவம் சென்னையில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தார். அவருக்கு விசா வந்துவிட்ட செய்தி ஒரு புதன்கிழமை வந்தது. அவரிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே கடவுச்சீட்டு. நான் இத்தனை வருடமாக மலை மாதிரிக் காட்டி வந்த ஒன்றை அவர் ரிக் வண்டிக்கு டீசல் போடுகிற மாதிரி முடித்துவிட்டார்.

என் முறை வந்தது. வசந்தா இட்லி கட்டிக்கொடுத்தாள். ரயிலேறிப் போனேன். அந்த நகரத்து நிலையத்தில் இறங்கி, தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். விசா அலுவலகம் நடக்கிற தூரம். நான் போகவில்லை. எனக்குக் கொடுத்த நேரம் கடந்து போகும்வரை இட்லியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினேன்.

ஒரு தாள் குறைகிறதாம், மறுபடி நாள், நேரம் கிடைக்க ஜூலை ஆகுமாம் என்று வீட்டில் சொன்னேன். என் கணக்கு எளிமையானது. நான் இல்லாமல் அவர்கள் எங்கும் போனதே இல்லை. பயணம் நின்றுவிடும். நல்லசிவம் அங்கே ஏதாவது சுற்றுலாக் கூட்டத்தோடு போய்த் திரும்பட்டும்.

வசந்தா கவிதாவைப் பார்த்தாள். கவிதா என்னைப் பார்த்தாள். "ஓகே டாட்" என்றாள், அவ்வளவுதான். மே மாதம் ஒரு சனிக்கிழமை மூவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் எனக்கு ஒவ்வொரு வேளைக்கும் டப்பா இருந்தது, மேலே வசந்தாவின் கையெழுத்தில் ரசம், பொரியல் என்று.

5

அந்த வாரம் இங்கே மழை. கைப்பேசியில் ஒவ்வொரு நாளும் கிரீட்டிலிருந்து படங்கள் வந்தன. முதல் படத்தில் நல்லசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். ஒரு பக்கம் கவிதா, மறுபக்கம் மீரா. அந்த நிறக் கடலை நான் நாட்காட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் காய்ந்த மலை, மொட்டைப் பாறை. ஆடுகூட இருந்தது.

"மாமா, நீங்க சொன்னது அத்தனையும் சரீங்க" என்று போனில் பேசினார். "அதே பாறைங்க. அதே செம்மண்ணு. அத்தி, மாதுள எல்லாம் நிக்குது. ஊட்டுக்காரரு மத்தியானம் கதவச் சாத்திட்டுக் கொறட்டை விடறாரு. தயிரு இருக்குதே, உங்க நெனப்புலதான் சாப்பிட்டேன். வரிசையில எவனும் நிக்கல."

இந்த மனிதரிடம் கேலியே இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

இரண்டாம் நாள் ஒரு பெரிய கறுப்பு வளையம் படங்களில் வந்தது. லாரி டியூப். எங்கள் பக்கம் கிணற்றில் நீச்சல் பழக்க, உள்ளே காற்றடித்த லாரி டியூபைப் போட்டு, பிள்ளையை அதில் உட்கார வைத்து, கயிற்றைக் கட்டிக் கரையில் ஒருவர் பிடித்துக்கொள்வார். கவிதாவுக்கும் நல்லசிவம் அப்படித்தான் பழக்கினார். எனக்கு நீச்சல் தெரியாது. படிக்கிற பையன் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டம். மீராவுக்குப் பழக்க, பழைய ரிக் வண்டியின் டியூபைக் காற்றிறக்கி மடித்துப் பெட்டியில் வைத்து ஏதென்ஸ் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டாராம். நல்லசிவம் அங்கேயே நின்று கையை வீசி நீச்சலடித்துக் காட்டினாராம். விட்டுவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் காற்றடித்தவன் காசு வாங்கவில்லையாம்.

கடலில் ஆளுக்கொரு வண்ணத்தில் பிளாஸ்டிக் வாத்தும் முதலையுமாக மிதக்க, நடுவில் எங்கள் ஊர் லாரி டியூப். அதில் என் பேத்தி. கயிற்றைப் பிடித்தபடி மச்சினன்.

கவிதாவுக்கு ஊரில் காது குத்தியது நினைவுக்கு வந்தது. மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அப்போது நல்லசிவம் மீசை அரும்பாத இளைஞர். குழந்தை வீரிட்டு அழுது அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எட்ட நின்று படம் எடுத்தவன் நான். அந்தப் படங்களில் நான் எதிலும் இல்லை. அன்றைக்கு அது முறை, யாரையும் நொந்துகொள்ள முடியாது. இந்தப் படங்களிலும் நான் இல்லை. இது முறையல்ல. என் இடத்தைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து நானே காலி செய்துவிட்டு, அவரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். கவிதாவின் மூக்கு உரிந்திருந்தது. பள்ளித் தோழிகளுக்கு உரிந்திருந்த மாதிரி.

6

இந்த வருடம் நானே விசா அலுவலகத்துக்கு நாள் கேட்டு வாங்கினேன். யாரையும் ஏற்பாடு செய்ய விடவில்லை. சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல்கள், கண்ணாடியில் ரேகை விழவில்லை. அங்கிருந்த பெண் ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, மறுபடி மறுபடி வைக்கச் சொன்னாள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாள். விடுமுறைக்கு என்றேன். அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் சொல்வது அதுதான் முதல் தடவை. எனக்கே கூச்சமாக இருந்தது.

மே மாதம் அதே தீவு, அதே வீடு. நல்லசிவம் எங்களுக்கு முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தார். வீட்டுக்காரர் அந்த லாரி டியூபை ஒரு வருடமாகக் கொல்லையில் ஒலிவ மரக் கிளையில் மாட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதைச் சுட்டிக் காட்டி, நல்லசிவத்தின் தோளில் தட்டி, ஏதோ சத்தமாகச் சொன்னார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை மீரா என்னைக் கூப்பிட்டாள். "அப்புச்சி, டியூப்ல உக்காருங்க. பயமா இருந்தாக் கண்ண மூடிக்கலாம்."

நல்லசிவம் ஒரு கையையும் வசந்தா ஒரு கையையும் பிடித்து என்னை ஏற்றினார்கள். டியூப் வெயிலில் சூடேறித் தொடையைச் சுட்டது. கவிதா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கழுத்தளவுத் தண்ணீர் வந்ததும் நின்றாள். நான் கீழே பார்த்தேன். என் கால்கள் வெளிறித் தொங்குவதும், அதற்கும் கீழே வெகு தூரத்தில் மணலும் தெரிந்தன.

"அப்பா" என்றாள். தமிழில்தான் பேசினாள். "போன வருசம் நீங்க விசா ஆபீசுக்குப் போகல."

நான் கரையைப் பார்த்தேன். அங்கே நடந்து போக வழியில்லை.

"உனக்கு எப்படி..."

"புக் பண்ணது நான். ஆள் வரலைன்னு மெயில் எனக்குத்தான் வந்துச்சு. நீங்க ரயில்ல இருக்கறப்பவே வந்துருச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு காரணம் சொல்லுவீங்க. எனக்கு உங்க காரணம் எல்லாம் மனப்பாடம்." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "சின்னப் புள்ளைல நான் ரொம்ப வெயிட் பண்ணினேன்ப்பா. அப்பாவுக்கு விசா வரட்டும், அப்பறம் போலாம்னு. ஒவ்வொரு வருசமும். மீராவ அப்படி வெக்கக் கூடாதுன்னுதான் கெளம்பிட்டேன். உங்கள விட்டுட்டு வந்ததுக்கு ஃப்ளைட் முழுக்க அழுதேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஏர்போர்ட்ல மாமா நின்னுக்கிட்டிருந்தாரு. அந்த டியூபோட. சிரிச்சுட்டேன்."

அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ஸ்டேஷன்லயே உக்காந்துட்டேன் கவிதா. பொறாமை. உன் மாமன் மேல" என்றேன்.

"தெரியும்ப்பா. கார்லயே தெரிஞ்சுது. புளி மூட்டைய மடில வெச்சுக்கிட்டு எப்படிப் பேசினீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம்.

பிறகு கயிற்றின் முனையை எடுத்துக்கொண்டு கரைப் பக்கமாக நீந்திப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மீராவின் கையில் கொடுத்துவிட்டாள். நான் தனியாக மிதந்தேன். கரையில் நல்லசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மெதுவா இழு சாமி, அப்புச்சி பழைய வண்டி. வேகமா இழுத்தா நின்னுருவாரு" என்று சத்தம் போட்டார்.

மீரா அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. அது போகாது போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, மணலில் காலை ஊன்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். டியூப் கொஞ்சம் வரும், அலை பின்னால் தள்ளும், மறுபடி இழுப்பாள். நான் கையைத் துடுப்பாகப் போட்டிருந்தால் சீக்கிரமே கரை சேர்ந்திருக்கலாம். போடவில்லை. இரண்டு கையையும் டியூபின் மேல் வைத்துக்கொண்டு, அவள் இழுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.